என் விரலில் எடுத்த எண்

எனக்குச் சத்தம் ஆகாது, மேடம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவேன். மற்றபடி தம்பி கையில் ஒட்டியிருந்த அந்த மெஷின்மேல் எனக்குத் தனியாக ஒரு பகையும் கிடையாது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அப்போதிலிருந்து இன்சுலின் ஊசிதான். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே நான். சர்க்கரை இறங்கினால் அவனுக்கு மேலுதடு வெளுக்கும், எதைக் கேட்டாலும் "ம்" என்பான். அவனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். ஜூஸோடு போய் நிற்பேன். "எப்படிக்கா கண்டுபிடிக்கிற?" என்பான். எனக்கு அது போதும். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதை அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை, எப்போதாவது தவிர.

போன வருஷம் மெஷின் வந்தது. மேல்கையில் ஒரு வில்லை, அதிலிருந்து தோலுக்குள் போகும் மெல்லிய கம்பி. அதுதான் சென்சார். எண்ணைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நர்ஸ் எல்லாவற்றையும் அவனிடமே விளக்கினாள். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, அவரே பாத்துக்குவாரு" என்றாள். போய் உட்கார்ந்தேன். பற்றிக்கொண்டு வந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அம்பு கீழே பார்த்தால் சர்க்கரை இறங்குகிறது, இரட்டை அம்பு என்றால் மளமளவென்று இறங்குகிறது. எழுபதுக்குக் கீழே போனால் அலாரம். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் காரணமில்லாமலும் கத்தும். அப்புறம் இன்னொன்று, சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. தோலுக்கடியில் இருக்கிற நீரைத்தான் பார்க்கிறது. அதனால் எப்போதும் சில நிமிஷம் பின்தங்கியே சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒருநாளும் பின்தங்கியதில்லை.

அவனிடம் சொன்னேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். "முகத்தைப் பாத்து லிஃப்ட் ரிப்பேர் பண்ண முடியுமாக்கா? மீட்டர் வச்சுத்தான் பாக்கணும்" என்றான். அதற்குப் பிறகு நான் ஜூஸை நீட்டினால் போனைத் திருப்பிக் காட்டுவான். "நூத்தி இருபது. உன் வேலையப் பாருக்கா." என் வேலையே அதுதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள், வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். "அதான் மெஷின் இருக்கே. நீயும் எத்தனை நாளைக்குத்தான் என்னைக் கட்டிட்டு அழுவ?" நல்ல மனசோடுதான் சொன்னான்.

விரலில் குத்தி, ரத்த மீட்டரில் வரும் எண்ணைப் போனில் பதிந்தால் சென்சார் தன்னைத் திருத்திக்கொள்ளும். காலிபரேஷன் என்கிறார்கள். காலை அவசரத்தில் அந்த வேலையை மட்டும் என்னிடம் விட்டிருந்தான். ஒருநாள் துளி போதவில்லை. "இன்னொரு குத்தா? ஆளை விடுக்கா" என்று குளிக்கப் போய்விட்டான். என் விரலில் குத்தினேன். நூற்றுப் பத்து. அதையே பதிந்தேன். அன்றைக்கு அலாரமே இல்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

அப்புறமும் அவன் விரலில்தான் குத்துவேன். எண் குறைவாக வந்தால் மட்டும் அடுப்படிக்குப் போய் என் விரலையும் குத்திக்கொண்டு, அந்த எண்ணைப் பதிவேன். ஒரே ஒரு தடவை மெஷின் தப்பு, அக்கா சரி என்று ஆகட்டும், போதும் என்று நினைத்தேன். இதில் என்ன பெரிய ஆசை, சொல்லுங்கள்.

வீடு மாறுகிற அன்று காலையிலும் என் எண்தான். அதை நம்பி ஊசியைக் குறைக்காமல் முழுசாகப் போட்டுக்கொண்டான். பெட்டி கட்டும்போது மேலுதடு வெளுத்தது. ஜூஸை டம்ளரில் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"வேணுமாடா?"

"நூத்தி அஞ்சு இருக்குக்கா. கத்தலையே."

பீரோவை நகர்த்தினான். உடம்பு வேலை சர்க்கரையை இன்னும் இறக்கும், அதுவும் நான் படித்ததுதான். சாவி எங்கே என்று கேட்டேன். "ம்" என்றான். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். "ம்." அப்புறம் அதுவும் இல்லை. பெட்டிகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தான். நீ சொன்னதுதான்க்கா சரி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஊற்றியிருப்பேன், டம்ளர் கையில்தான் இருந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். வலிப்பு வந்தது, நின்றது. மூச்சும் நின்றது.

அதன் பிறகுதான் அலாரம் அடித்தது. பின்தங்கித்தான். இதை மறக்காமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். மெஷினுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.