தணல் அறையில் இருபது நிமிடம்

எனக்குச் சுலபத்தில் வியர்க்காது, ஐயா. இந்த ஃபேனை எனக்காகப் போட வேண்டாம். ஆறு வருடமாக அடுத்தவர்களை வியர்க்க வைத்துத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் சொந்த உபயோகத்துக்கு ஆண்டவன் எனக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. அம்சவல்லி இப்போது உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நாலு வருடம் என்னிடம் வேலை பார்த்த பெண், தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளி எழுதியிருக்கிறார். அது 2016 ஜூலை பதின்மூன்று, புதன்கிழமை. அவருக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

பெயர் தெய்வசிகாமணி. சுரங்கத்து ஆபீஸ் ஒன்றில் பதினான்கு வருடம் கான்ட்ராக்ட் டைப்பிஸ்டாக இருந்தேன். பர்மனென்ட் ஆவேன் என்று காத்திருந்ததில் முதுகுவலி மட்டும் பர்மனென்ட் ஆனது. அந்த வலிக்கு மூலிகை நீராவி பிடிக்கப் போய், இதை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. 2012இல் மந்தாரக்குப்பத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ‘பச்சைத்துளிர் நலவாழ்வு இல்லம்’ என்று போர்டு மாட்டினேன். போர்டு பழைய பலாப் பலகை. பெயிண்ட் கிடையாது, காவிமண்.

என் இல்லத்தில் எதுவும் வீணாகக் கூடாது. அது என் கொள்கை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். வெந்த நொச்சியும் வேப்பிலையும் உரக்குழிக்குப் போகும். துண்டுகள் குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்தவை, கிழிந்தால் கரித்துணி. சிகிச்சை அறைகளில் கரண்ட் கிடையாது. ஊரைத் தோண்டிக் கரியெடுத்து நாட்டுக்கெல்லாம் விளக்கு எரிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கரண்ட் வேண்டாம் என்றேன். “கல்யாண வூட்டுல வந்து உக்காந்துகினு விரதம்ங்கறீங்க” என்றாள் என் மனைவி.

எரிபொருளுக்குக் காடாம்புலியூரிலிருந்து முந்திரி ஓட்டுக் கரி வரும். பருப்பை எடுத்த பிறகு தூக்கிப் போடுகிற ஓடு, அதைச் சுட்ட கரி. தணல் பிடித்துவிட்டால் புகையே வராது, வாசனையும் இல்லை. நீராவிக்குப் பிறகு ஆட்களைக் கோரைப்பாயில் படுக்க வைக்க மண் பூசிய சின்ன அறை ஒன்று கட்டினேன். மூலையில் ஒரு தணல் சட்டி, மேலே வெட்டிவேர். தணல் அறை என்று பெயர் வைத்தோம்.

முதல் வருடம் சூடு நிற்கவில்லை. மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் பாதிச் சூடு போய்க்கொண்டிருந்தது. பாதிக் கரி வீண். நானே வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து அதை அடைத்தேன். கதவின் கீழ் இடுக்கில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுருட்டித் திணித்தேன். கதவு கொஞ்சம் வளைந்த கதவு, தானாகத் திறந்துகொள்ளும். இடித்த குவார்ட்டர்ஸ் ஒன்றிலிருந்து கிடைத்த தாழ்ப்பாளை வெளிப்பக்கம் அடித்தேன். புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் இல்லத்துக்குப் பேர் வந்தது. அதுவரை அந்த அறையில் ஆட்கள் கண்ணயர்ந்தார்கள். துவாரத்தை அடைத்த பிறகு தூங்கினார்கள். இந்த ஊரில் தூக்கம் என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிற ஆட்கள், பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுப்பவர்கள். அவர்களெல்லாம் என் பாயில் தலை வைத்த பத்தாவது நிமிடம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். எழுந்தால் சிலருக்குத் தலைவலி, சிலருக்கு வாந்தி. உடம்பின் கழிவு வெளியேறுகிறது என்றேன். நம்பினார்கள். நானும் ஒரு மாதம் நம்பினேன்.

அம்சவல்லி காடாம்புலியூர்ப் பெண். ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணா, கழிவு வெளிய போவல. காத்து உள்ள வரல. எங்க ஊர்ல ஒரு மழைக்காலத்துல கரிச்சட்டிய உள்ள வச்சிகினு, கதவ சாத்திகினு ஒரு குடும்பமே படுத்துது. காலையில நாலு பேரும் எழுந்திரிக்கல. அந்த ஓட்டைய தொறந்து வுடுங்கண்ணா.”

“அவங்க ராத்திரி பூரா படுத்தாங்கம்மா. நம்ம ஆளுங்க அரை மணிநேரம்தான.”

“அப்ப சாவு கொஞ்சம் லேட்டா வரும். அவ்ளோதான வித்தியாசம்?”

அன்று மதியம் நானே உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன், ஐயா. இருபத்தைந்தாவது நிமிடம் எழ நினைத்தபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. தவழ்ந்துதான் வெளியே வந்தேன். அம்சவல்லி வெளியே இருந்தார், கதவு திறந்திருந்தது, அதனால் வந்தேன். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். என் முட்டிக்கால் வரைக்கும் எனக்குத் தெரியும்.

துவாரத்தைத் திறந்திருக்கலாம். திறந்தால் அது வெறும் சூடான அறை. தூங்க வந்தவர்களிடம் தூக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது எனக்கு. ஆகவே ஒரு விதி போட்டேன். இருபது நிமிடம்தான். அம்சவல்லி கதவுக்கு வெளியே முக்காலி போட்டு, கடிகாரத்தோடு உட்கார வேண்டும். இருபது ஆனதும் திறக்க வேண்டும். மூன்று வருடம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கஸ்தூரியம்மாள் புதன்கிழமைதோறும் வருவார். கணவர் பரமசிவம் முப்பத்தாறு வருடம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். அவர் எந்த ஷிப்டோ அந்த நேரத்துக்கு எழுந்து டிபன் கட்டியே இந்த அம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் நாள் வந்தபோது சொன்னார்: “அவுரு ரிட்டேர்டு ஆயிட்டாரு தம்பி. எனக்குத்தான் இன்னும் ஆவல. மூணு மணிக்கு எழுந்து அடுப்படியில போயி நின்னுகினு இருக்கறேன். யாருக்கு டீ போடறதுன்னு தெரியல.”

எனக்கு அந்த அம்மாளை மிகவும் பிடிக்கும். அவருக்கு வெட்டிவேர் ஒரு பிடி கூடப் போடச் சொல்வேன்.

அந்தப் புதன்கிழமை பசுமைத் தொழில் விருதுக்காகக் கடலூரிலிருந்து மூன்று பேர் பார்வையிட வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு என்றவர்கள் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். கஸ்தூரியம்மாள் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆவாரம்பூத் தேநீர் கொடுக்க ஆள் வேண்டும். முக்காலியிலிருந்து அம்சவல்லியை எழுப்பி, நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இருபது ஆனது. அம்சவல்லி டம்ளரை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, “அண்ணா, நேரமாயிட்டுது” என்றார்.

கஸ்தூரியம்மாள் வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். பாதி நாள் வாசலிலேயே வாந்தி எடுப்பார். அந்த வாசலில்தான் மூன்று பேரும் நின்று, என் உரக்குழியைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்சவல்லியிடம், “பனங்கற்கண்டு தீந்துபோச்சு, கடைக்குப் போய் வாங்கியாம்மா” என்றேன். கடை ஊர்க் கோடியில் இருக்கிறது, நடந்து போய்வர முக்கால் மணிநேரம் ஆகும். பனங்கற்கண்டு தீரவில்லை. “நீங்க கதவத் தொறந்துடுவீங்கல்ல?” என்று கேட்டார். திறப்பேன் என்று தலையாட்டினேன். அதை நம்பித்தான் போனார். மனுவில் அவர் தன்னையும் குற்றவாளியாகச் சேர்த்திருக்கிறார். அதை அடித்துவிடுங்கள்.

முப்பதாவது நிமிடம் இருக்கும். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பலமாக இல்லை, உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி. பிறகு, “தம்பி” என்று ஒரு குரல். கொஞ்சம் கழித்து, “போதும் தம்பி.”

குழுவில் இருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். “உள்ள யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?”

“தூக்கத்துல பேசறாங்க மேடம்” என்றேன். “வூட்டுல வூட்டுக்காரரு பேச வுடறதில்ல. இங்க வந்துதான் பேசித் தீத்துக்கறாங்க.”

மூவரும் சிரித்தார்கள். நான் பொதுவாகவே வேடிக்கையாகப் பேசுகிறவன். அந்தச் சிரிப்பு அடங்கியபோது தட்டும் சத்தமும் இல்லை. பிறகு அவர்களை வாழைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். குலை தள்ளியிருந்த மரத்தின் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பதினொன்று இருபத்தைந்துக்குக் கிளம்பினார்கள். வேன் திரும்பும்வரை கையசைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

கஸ்தூரியம்மாள் பாயில் இல்லை. கதவோரம் குப்புறக் கிடந்தார். மூக்கு கீழ் இடுக்கில் இருந்தது. நார்க் கயிற்றில் ஒரு சாண் அளவுக்குப் பிய்த்து எடுத்திருந்தார். அதற்கு மேல் விரலில் பலம் இருந்திருக்காது. உதடு மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது. தூக்கிப் பாயில் படுக்க வைத்து, சேலையைச் சரிசெய்து, கண்களை மூடினேன். நகத்தில் இருந்த நாரை எடுத்தேன். தணல் சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கத்தினேன்.

அம்சவல்லி ஓடிவந்து பார்த்தார். பாயைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார். பனங்கற்கண்டுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வந்து பார்த்த டாக்டர், வயசு, பிரஷர், மாரடைப்பு என்றார். நான் மறுக்கவில்லை. விருதும் வந்தது. சுவரில் மாட்டவில்லை, பீரோவில் இருக்கிறது. அறையை ஒரு மாதம் மூடி வைத்தேன். பிறகு நாலைந்து பேர் தூக்கமில்லை என்று வாசலில் வந்து நின்றார்கள். திறந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பரமசிவம் என்னைப் பார்க்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “கடசியா யாரையாவது கூப்ட்டாளா, தம்பி?”

“இல்லீங்க. நல்ல தூக்கம்” என்றேன்.

“அது போதும்” என்று அழுதார்.

துவாரத்தை அடைத்தது, தாழ்ப்பாள் போட்டது, அம்சவல்லியைக் கடைக்கு அனுப்பி அப்புறப்படுத்தியது, கூப்பிட்டது காதில் விழுந்தும் திறக்காமல் நின்றது, எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பரமசிவத்திடம் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், ஐயா. அது எனக்காகச் சொன்னதில்லை.