தொப்பியைத் தூக்கினால் எமெட்

எங்கள் ஊரில் ஏப்ரலை வசந்தம் என்று சொல்வது சுவரில் தொங்கும் நாட்காட்டி மட்டும்தான். ஏரியில் அப்போதும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். அங்கிருந்து வரும் காற்றில் ஆட்டக்காரர்கள் விரல்களை ஊதிக்கொண்டே பேஸ்பால் ஆடுவார்கள். எனவே முதல் நாற்பது ஆட்டங்களை வைத்து ஓர் அணியை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் அணியின் அலுவலகம் கேட்டது. முதல் இருபத்தாறு ஆட்டங்களில் பதினேழை வென்ற அணி, அடுத்த பதினான்கில் இரண்டை மட்டும் வென்றது எப்படி? பயிற்சியாளர்கள் எல்லோரும் எழுதித் தர வேண்டும். நான் இரண்டு வரி எழுதினேன். 'குளிர் அதிகம். எமெட் கோரிகன் போன பிறகு கடைசி இன்னிங்ஸுக்கு ஆள் இல்லை.' இரண்டும் உண்மை. அந்தத் தாளில் அதற்கு மேல் இடமும் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் வேலை பந்து பிடிப்பது. ஆட்டத்தில் அல்ல. வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் எங்கள் புல்பென் இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் பிற்பாதியில் இறங்கப்போகும் பந்துவீச்சாளர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். தன்னை அழைத்ததும் ஒருவன் எழுந்து, இருபது முப்பது பந்து வீசிக் கையைச் சூடேற்றிக்கொள்வான். அதை நான் பிடிப்பேன். திடலில் வீசும் ஒவ்வொரு பந்தையும் ஒருவர் எண்ணுவார். சுவருக்குப் பின்னால் வீசுவதை யாரும் எண்ணுவதில்லை. எங்கள் ஊரில் மட்டுமல்ல, எங்குமே பெரிதாக எண்ணுவதில்லை.

மார்ச்சில் பனி உருகிய தண்ணீர் புகுந்து புல்பென் தொலைபேசி கெட்டுப்போனது. அணியை நடத்தும் மேனேஜர் கோவாக், திடலோரத்தில் நின்றபடி சைகையால் சமாளித்தார். வலது கையைத் தொட்டால் வலக்கை வீச்சாளன். இடது கையைத் தொட்டால் இடக்கைக்காரன் பதிஸ்தா. தொப்பியைத் தூக்கினால் எமெட். சுவரில் ஒரு பலகை இடுக்கு உண்டு. அதன் வழியே பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

கோவாக்குக்கு வழுக்கைத் தலை, அதில் ஓயாத அரிப்பு. முதல் வாரத்தில் மூன்று முறை அவர் தலையைச் சொறியத் தொப்பியைத் தூக்கியதைச் சைகை என்று நினைத்து எமெட்டை எழுப்பிவிட்டேன். மூன்று முறையும் அவன் முப்பது பந்து வீசினான், காத்திருந்தான், யாரும் கூப்பிடாததால் மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இது எங்கள் தொழிலில் சகஜம். மேனேஜர்கள் மனம் மாறுவார்கள். அவன் எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்றும் என் தவறே அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன்.

நானும் எமெட்டும் ஒரே கல்லூரி அணி. அப்போது நான் முதல் பந்துவீச்சாளன், அவன் 'அந்த இன்னொருவன்'. நேராக வந்து, மட்டைக்கு ஒரு முழம் முன்னால் பொத்தென்று விழும் ஒரு பந்து என்னிடம் இருந்தது. விடுதியின் துணி துவைக்கும் அறையில், இயந்திரம் நிற்கக் காத்திருந்தபோது, விரல்களை எப்படி வைக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டினேன். இருபத்தொரு வயதில் என் முழங்கையில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து கண் திறந்தபோது அவன்தான் ஒரு பை செர்ரிப் பழத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொட்டைகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். அவன் நல்லவன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

இந்த ஆண்டு உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் பந்துக்கு 'கோரிகன் பந்து' என்று பெயர் வைத்தது.

"நான் உன் பேரைச் சொன்னேன்டா வாரன்," என்றான் எமெட். "ரெண்டு தடவை சொன்னேன். அந்த நிருபர் எழுதல."

சொல்லியிருப்பான். பதிஸ்தா பெஞ்சிலிருந்து சிரித்தான். "விடுங்க வாரன் அண்ணே. பெத்தது நீங்க, பேரு வெச்சது ஊரு. நல்லா வளருதில்ல, அது போதும்."

நானும் சிரித்தேன். என்னுடைய பந்தை என் உள்ளங்கையிலேயே தினமும் வாங்கிக்கொண்டிருந்தேன். அது நான் வீசியதைவிட நன்றாக விழுந்தது. கையுறைக்குள் அது வந்து சேரும் சத்தத்தை வீட்டில் சாப்பிடும்போதும் கேட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

அதன் பிறகு கோவாக் தலையைச் சொறியும் வரை நான் காத்திருக்கவில்லை. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். "எமெட், எழுந்திரு," என்பேன்.

இருபத்தாறு ஆட்டங்களில் கோவாக் அவனைக் கேட்டது பதிமூன்று முறை. அவன் எழுந்தது நாற்பத்து நான்கு முறை. சில நாள் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை. குளிரில் எழுந்து, சூடேறி, உட்கார்ந்து, ஆறி, மறுபடி எழுந்து. ஒரு முழங்கைக்கு அதைவிடக் கெட்டது இல்லை. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே ஒரு முறை எனக்கு வியர்த்தது. காலைச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"என்னடா எமெட், முகமே செத்துப்போயிருக்கு?" என்றார் கோவாக்.

"வேலை வாங்கிக் கொல்றீங்களே கோச்."

"யாரு, நானா? மொத்தமே பதினோரு இன்னிங்ஸ் போட்டிருக்க. எங்க அம்மா எழுபது வயசுல அதைவிட அதிகமா மாவு பிசைஞ்சா!"

எமெட் கேலி என்று நினைத்துச் சிரித்தான். கோவாக்கும் அவன் கேலிதான் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தார். நான் அவன் அப்பத்துக்குப் பாகு ஊற்றிக் கொடுத்தேன். வலது கையைத் தூக்க அவன் சிரமப்பட்டதை நான் மட்டும் பார்த்திருந்தேன்.

மே முதல் வாரம், எங்கள் சின்ன லீக்குக்கு மேலே உள்ள பெரிய லீக் அணி ஒன்றிலிருந்து ஆட்டக்காரர் தேடி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. எமெட்டைப் பார்க்கத்தான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. இந்த முறை எடுக்காவிட்டால் இனி யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் வந்த அன்று ஆட்டத்துக்கு முன் எமெட் என்னைச் சுவரோரம் அழைத்துப்போனான்.

"முழங்கைக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்குடா. ரெண்டு வாரமா. கோவாக்குக்குத் தெரிஞ்சா உட்கார வெச்சிடுவாரு. சொல்லிடாத."

எனக்கு அந்த எறும்பைத் தெரியும். எனக்கு அது மூன்று வாரம் ஊர்ந்தது. அவன் சொல்வதற்கு முன்பே என் உள்ளங்கைக்கும் தெரிந்திருந்தது. பந்து விழுவதில் அந்தக் கடைசி வேகம் குறைந்து நாலு நாள் ஆகியிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என் வழக்கம்.

அன்று ஐந்தாவது இன்னிங்ஸில் அவனை எழுப்பினேன். ஏழாவதில் எழுப்பினேன். எட்டாவதில் எழுப்பினேன். "இன்னிக்கு என்னடா இவரு, தொப்பியையே தலையில வெக்க மாட்டாரு போல," என்றான் எமெட். "பதற்றமா இருக்காரு," என்றேன். கடைசியான ஒன்பதாவதில் கோவாக் உண்மையாகவே தொப்பியைத் தூக்கியபோது, எமெட் அதற்குள் தொண்ணூற்றாறு பந்து வீசியிருந்தான். போகும்போது தன் கையுறையால் என் தலையில் தட்டிவிட்டுப் போனான்.

இடுக்கு வழியே பார்த்தேன். நான்காவது பந்து, அந்தப் பந்துதான். அது மட்டையாளனின் தலைக்கு மேலே பறந்து போனது. எமெட் திடலின் நடுவில் மண்டியிட்டிருந்தான். கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அது யாருடையதோ என்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். புல்பென்னில் பதிஸ்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

மருத்துவமனைக்குச் செர்ரிப் பழம் வாங்கிப்போனேன். சிலருக்குப் பிறவியிலேயே தசைநார் பலவீனம் என்று டாக்டர் சொன்னாராம். பதினோரு இன்னிங்ஸில் அறுந்தால் வேறென்ன சொல்வார்கள்?

"என் உடம்பே என்னை ஏமாத்திடுச்சுடா," என்றான். அழுதான். கொட்டைகளை நான் என் கையில் வாங்கிக்கொண்டேன். அப்படி உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில், இந்த ஆண்டில் முதல் முறையாக, அவனை எனக்கு முழுமையாகப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது இடது கையால் என் சட்டையைப் பிடித்தான். "அடுத்த ஏப்ரல்ல மறுபடி போட ஆரம்பிக்கலாமாம். எப்படியாவது வந்துடுவேன். நீதான்டா பிடிக்கணும். வேற எவனையும் நம்பி இந்தக் கையைக் குடுக்க மாட்டேன்."

சரி என்றேன். அவன் கையைப் பற்றி என்னைப்போல் அக்கறைப்பட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. கையுறைக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். புல்பென் தொலைபேசியைச் சரிசெய்ய வந்த ஆளிடம், சைகையே எங்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுத்த ஏப்ரலும் குளிராகத்தான் இருக்கும். அவன் நன்றாகச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.