பதினோரு குழாய்

“ஹலோ... ஹலோ, பாண்டியராஜனா?... முனீஸ்வரி பேசுறேன். சுருளிப்பட்டி... ஆமா, உங்க அண்ணன் அழகுமலை சம்சாரம்தான். நம்பரை அழிச்சுட்ட போலருக்கு... நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். அதெல்லாம் பெறகு விசாரிப்ப. மொதல்ல எங்க வீட்டுக்கு மேல மிஷின் ஓடுதே, அதை நிப்பாட்டச் சொல்லு.”

பாண்டியராஜன் அவளுடைய கணவனுக்குச் சித்தப்பா மகன். கம்பம் வட்டாரத்தில் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறவன். அழகுமலையின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவனைத்தான் அவள் கடைசியாக முகம் கொடுத்துப் பார்த்தாள். அதன் பிறகு இரண்டரை வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அவள் வீட்டின் பின்வாசலில், துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாசல் முடியும் இடத்தில் மண்சரிவு. சரிவுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், கர்ணன் என்கிற பேங்க்காரர் புதிதாக வாங்கிய மனை. அந்த மனை மண் கீழே இறங்காமல் இருக்கத்தான் தடுப்புச் சுவர். கம்பி கட்டி, இரண்டு பக்கமும் பலகை அடைத்து, தேங்காயும் உடைத்தாகிவிட்டது. கலவை மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே ஏறிப்போய்த் தலைமைக் கொத்தனார் விஜயபாண்டியிடம் சொல்லிப் பார்த்தாள். காண்ட்ராக்டர் சொல்லாமல் நிறுத்த முடியாது என்று அவன் கையை விரித்துவிட்டான்.

“நீ எங்கன இருக்க?... சின்னமனூர் தாண்டியாச்சா? மேகமலைக்கா போற?... ஆமா, மலை ஏறிட்டா லைன் கெடைக்காதுன்னு தெரியும். அதான் சொல்றேன், வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேளு... என்ன கொறையா? சுவத்துல குழாய் இல்ல. தண்ணி வடியிற குழாய், ஒண்ணு கூட இல்ல... பாத்தேன். பலகைக்கு நடுவுல எட்டிப் பாத்தேன். கம்பி இருக்கு. குழாயைக் காணோம்... ஆமா... ஆமா, ஆமா, நான் இஞ்சினியரு இல்லதான். எட்டாங்கிளாஸ்தான். ஆனா எங்களுக்கு நீ கட்டுனப்ப டீ போட்டுக் கொடுத்துக்கிட்டு இங்கனயேதான நின்னேன்.”

நின்றாள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் சுவர் எழும்பியபோது அவனே உட்கார்ந்து மூன்று அங்குலக் குழாயை முக்கால் அடி, முக்கால் அடியாக அறுத்தான். கலவை புகுந்துவிடாமல் இரண்டு வாயிலும் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். பதினோரு குழாய். பலகையைப் பிரித்த அன்று காகிதத்தை அவளும் ஒரு கம்பியால் குத்தி எடுத்திருக்கிறாள். அதெல்லாம் எதற்கு என்று அழகுமலை கேட்டார். அது அப்படித்தாண்ணே இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

“அரை மணி நேர வேலை. அதை ஏன் விட்ட?... யாரு சொன்னது?... கர்ணன் சாரா?... என்னன்னு?... இரு, இரு. எங்க வாசல்ல தண்ணி விழுந்தா நான் சண்டைக்கு வருவேன்னு சொன்னாகளா?... பெறகு?... தாலியறுத்த வீட்டோட நமக்கு எதுக்கு வம்புன்னு... ஓகோ. ரொம்பப் பெரிய மனசு. எனக்காகப் பாத்து, எந் தலைக்கு மேலயே எமனை எழுப்பி விடுறீக.”

அவள் சிரித்தாள். மேலே செங்கல்லில் உட்கார்ந்திருந்த சித்தாள் ஒருத்தி அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“சுவத்தை ஒட்டி எந்த ரூம்பு இருக்குன்னு உனக்குத் தெரியுமா? கயல் படிக்கிற ரூம்பு. பிள்ளை சன்னலைத் தொறந்தா சுவருதான். ஒரு தடவை நீ கட்டுன சுவரு விழுந்து உங்க அண்ணனை வாரிக் கொடுத்தாச்சு. இன்னும் உனக்குக் காணலையா?... கத்தாத. நீ கத்துனா எனக்குக் கேக்காமப் போயிருமா?... யாரு சொன்னா? ஊரே சொல்லுச்சு. சிமெண்டைக் கொறைச்சுட்டான்னு கம்பம் முழுக்கப் பேசுனாக... நான் சொல்லல. நான் எங்கன சொன்னேன்? கேட்டவுகளுக்கு நான் ஒண்ணும்...”

சொல்லவில்லை என்பது உண்மை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாண்டியராஜன் பெயரை இழுத்துத் திட்டும்போதெல்லாம் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. அந்த வருஷம் சுருளிப்பட்டியில் பேசி முடித்திருந்த மூன்று வீட்டு வேலை அவன் கையை விட்டுப் போனது. அது தெரிந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

“அங்க யாரு சிரிக்கிறது?... சிரிச்சாக, கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? வண்டியில எத்தனை பேரு?... ஏழு பேரா. அண்ணன் பொண்டாட்டி கத்துறதை ஏழு பேருக்குப் போட்டுக் காட்டுறயாக்கும். நல்லா இரு... என்ன?... என்ன சொன்ன?”

காதில் விழுந்ததை வாங்கிக்கொண்டு அவள் துவைகல்லின் மேல் உட்கார்ந்தாள். மேலே விஜயபாண்டி மிஷினின் வாய்க்குக் கீழே முதல் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சொல்லு. நிறுத்தாத, சொல்லு... ம்... ம்... உனக்கு எப்பத் தெரியும்?... அன்னைக்கேவா?... இடிஞ்ச கல்லைப் புரட்டும்போதே பாத்துட்டியா.”

பார்த்திருக்கிறான். உடைந்த கான்கிரீட் துண்டு ஒவ்வொன்றிலும் குழாயின் வாய் சாக்கும் சிமெண்டுமாக அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அதே கையோடு பாடையையும் தூக்கியிருக்கிறான். தாசில்தார் ஆபீஸில் இருந்து வந்து கேட்டவர்களிடம்கூட மழை ஜாஸ்தி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். தன் தப்பை மறைக்க வாயை மூடிக்கொண்டான் என்றே இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள். அடைபட்ட குழாய்தான் காரணமோ என்று உள்ளுக்குள் உறுத்தினாலும், அப்படி நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது.

“ஸ்பீக்கரை ஏன் அமத்துற? அமத்தாத. போடு. ஏழு பேரும் கேக்கட்டும்... நான்தான் தம்பி அடைக்கச் சொன்னேன். உங்க அண்ணன் இல்ல. நான்.”

மேலே நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில்தான் அவள் அதைச் சொன்னாள்.

“ஒரு நாள் சாரைப்பாம்பு ஒண்ணு மூணாவது குழாயில இருந்து தலையை நீட்டுச்சு. பிள்ளை பாத்துட்டு ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தா. அதோட மழை பேஞ்சா செம்மண் தண்ணியா வாசல் பூராவும் ஒழுகும். கழுவிக் கழுவி எனக்குக் கை ஓஞ்சு போச்சு. அடைங்கன்னேன். உனக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுட்டு அடைப்போமான்னு அவுக கேட்டாக. இதுக்கெல்லாமா ஒரு போனுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். கலவையைக் கொழைச்சுக் கொடுத்ததும் நான்தான்.”

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. உள்ளே கட்டிய தண்ணீருக்குப் போக வழி இல்லை என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பூச்சு உப்பியிருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். எதற்கும் வண்டியைத் தள்ளி வைத்துவிடுகிறேன் என்று அழகுமலை போனார். வண்டியின் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் வரைக்கும் அவளுக்குக் கேட்டது.

“அழுகலை. நான் ஒண்ணும் அழுகலை. நீயும் அழாத, எனக்கு அது தேவையில்ல... என்ன? திருப்பிச் சொல்லு... வச்சாலும் சனம் அடைக்கத்தான் செய்யுதுன்னா? அதனால வைக்கவே மாட்டியா? நல்லா இருக்குடா உன் நியாயம். ஏலே, நாங்க ஏன் அடைச்சோம்? எதுக்குன்னு தெரியாம அடைச்சோம். கேட்டவருக்கு நீ என்ன சொன்ன? அது அப்படித்தாண்ணே இருக்கும்னு சொன்ன. இதை அடைச்சா சுவரு விழுந்துரும்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாயி தேஞ்சா போயிருக்கும்? பாம்பு வந்தா வரட்டும்னு சன்னலுக்கு வலை அடிச்சிருப்பேன்... ஆமா, எந் தப்புதான். இல்லன்னா சொன்னேன்? ஆனா உனக்கும் பங்கு இருக்கு. அதை உங்க அண்ணி எங்கிட்ட வாங்கிக்க. ஊருகிட்ட வாங்காத.”

முதல் சட்டி கை மாறிக் கை மாறிச் சுவரின் வடக்கு மூலைக்குப் போவதை அவள் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

“கலவை போயிருச்சு, தம்பி. மொத சட்டி வடக்கு மூலைக்குப் போயிருச்சு. இனி பேச நேரமில்ல. கேளு. கர்ணன் சாருகிட்ட நான் பேசிக்கிறேன். தண்ணி எங்க வாசல்லயே விழட்டும். பதினோரு குழாய்த் தண்ணியும் எங்க வாசல்லயே விழட்டும். சுவத்தடியில வாய்க்கா வெட்டித் தெருப் பக்கம் நான் விட்டுக்கிறேன். எழுதிக் கேட்டா எழுதித் தாரேன். சண்டைக்கு வரமாட்டேன்... ஹலோ... இழுக்குது, சரியாக் கேக்கலை... மலையடி செக்போஸ்ட்டைத் தாண்டாத. தாண்டுறதுக்கு முன்னாடி அந்த விஜயபாண்டிக்கு... ஹலோ? தம்பி, கேக்குதா?... ஆமா. ஆமா, சன்னலை ஒட்டித்தான்... அதுக்குப் பெறகு எங்கூட நீ பேச வேணாம். நானும் பேசலை. இதை மட்டும்... ஹலோ... ஹலோ.”

லைன் அறுந்துவிட்டது. அவள் மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இன்னொரு முறை அடித்தாள். அதையே சொன்னது. இரண்டாவது சட்டி நகர்ந்தது. மூன்றாவதும் போனது.

சரிவில் ஏறிப்போய்ச் சட்டியைப் பிடுங்குவது என்று முடிவு செய்து அவள் சேலையை இழுத்துச் செருகினாள். அப்போது மேலே நாதஸ்வரம் ஒலித்தது. விஜயபாண்டியின் சட்டைப் பையில் இருந்த போன். கலவை அப்பிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, ஒரு காதை விரலால் அடைத்தபடி அவன் கேட்டான். நாலைந்து தடவை தலையை மட்டும் ஆட்டினான். பிறகு வடக்கு மூலையில் நின்றவனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். போன கலவையைக் கரண்டியால் வாரி வெளியே போடச் சொல்லிவிட்டுப் போய் மிஷினை அணைத்தான்.

சட்டென்று வந்த அமைதியில் எங்கோ தோப்பில் மோட்டார் ஓடுவது கேட்டது. பலகையின் ஓரத்துக்கு வந்து நின்று, கீழே அவளைப் பார்த்து, எத்தனை என்று விஜயபாண்டி விரலை மடக்கிக் கேட்டான்.

முனீஸ்வரியின் போன் இன்னும் காதோடுதான் இருந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அதைத் துவைகல்லின் மேல் வைத்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு ஒரு விரல்.