முசியே பிரேம்குமாரின் பாராட்டு

இருந்தவர்கள் மூவர். 'சார்' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்றும் சொல்லும் ஊர் அது; அங்கே காஜியார் வீதி வீட்டுக் கூடத்தில், தையல் மெஷினுக்குப் பின்னால் கனீஸ் பாத்திமா. வெட்டுமேசையின் ஓரத்தில் அவள் கணவர், கட்டிங் மாஸ்டர் ஹிதாயத்துல்லா. வாசலை ஒட்டிய நாற்காலியில், மடிக்கணினியோடு மகள் ஹிபா. ஓட்டல்களுக்கு யூனிஃபார்ம் தைப்பது அவர்கள் தொழில். புது ஆர்டர் பிடிக்கத்தான் லிங்க்ட்இன் தளத்தில் அம்மா பேரில் ஒரு பக்கம் திறந்து, தைத்த சட்டைகளின் படங்களைப் போட்டு வந்தாள் ஹிபா. அன்று அதில் ஒரு கடிதம் வந்திருந்தது. வெட்டத் துணியில்லாத மேசையில் ஹிதாயத்துல்லா கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஹிபா: ...சரி, இன்னொரு வாட்டி தமிழ்லயே சொல்றேன். துமாஸ் வீதியில அடுத்த மாசம் ஓட்டல் தொறக்கிறாங்க. அறுபது பேருக்கு யூனிஃபார்ம் வேணுமாம். மேனேஜர் பேரு சத்யப்பிரியா.

கனீஸ்: அதுக்குக் கீழ உள்ளத உங்கத்தாவுக்குக் கேக்குற மாதிரி படி.

ஹிபா: "உங்க தையலை ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பாராட்டி எழுதுற பிரேம்குமார் சாரோட நம்பர் குடுங்க. அவர்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு ஆர்டரை முடிவு பண்றோம்."

கனீஸ்: பாத்தீங்களா? முசியே பிரேம்குமார் புண்ணியத்துல நமக்கு வேலை வருது.

ஹிதாயத்துல்லா: ம்...

கனீஸ்: என்ன ம்? பழைய ஓட்டல்காரங்க மெட்ராஸ் கம்பெனிக்குப் போயிட்டாங்க. இதுவும் வரலன்னா நம்மகிட்ட தைக்கிற தில்லையம்மாவையும் மேனகாவையும் ஒண்ணாந்தேதியிலேருந்து வேலைக்கு வரவேணாம்னு சொல்லணும்.

ஹிதாயத்துல்லா: அத யாரு சொல்றது?

கனீஸ்: நீங்கதான். இல்லன்னா அவரு நம்பரைத் தேடிப் புடிங்க.

ஹிதாயத்துல்லா: அவரு... இப்ப ஊர்ல இல்லயே.

கனீஸ்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹிதாயத்துல்லா: பெரிய கம்பெனி ஆளுங்க என்னிக்கு ஊர்ல இருந்தாங்க? துபாய் கிபாய்னு...

கனீஸ்: நேத்து மத்தியானம் கூட எழுதினாரே. நீங்க மாடிக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போனீங்களே, அப்ப.

ஹிதாயத்துல்லா: ஹிபா, நீ ஏன் சிரிக்கிற?

ஹிபா: நான் எங்க சிரிச்சேன்... இருமினேன் அத்தா.

கனீஸ்: அவரு மூஞ்சியையாவது காட்டுடி.

ஹிபா: மூஞ்சி இல்லம்மா. செம்பருத்திப் பூ படம் வெச்சிருக்காரு.

கனீஸ்: நம்ம மாடியில பூக்குற மாதிரியே இருக்கு.

ஹிதாயத்துல்லா: செம்பருத்தி ஊரெல்லாம் பூக்குது.

கனீஸ்: விளிம்பு ஒடஞ்ச நீலத் தொட்டியிலயா?

ஹிதாயத்துல்லா: அந்தக் கத்தரிக்கோலை எங்க வெச்சேன்?

கனீஸ்: உங்க கையிலதான் இருக்கு. கேட்டதுக்குச் சொல்லுங்க.

ஹிதாயத்துல்லா: இல்ல... கோரிமேட்டுல நம்ம ராஜாங்கம் இருக்கான்ல. நல்லா வாய்பேசுவான். அவன் நம்பரைக் குடுத்து, நான்தான் பிரேம்குமார்னு ரெண்டு வார்த்த சொல்லச் சொன்னா...

கனீஸ்: ராஜாங்கம் அண்ணனா? காஜா ஓட்டை எது, பட்டன் எதுன்னு அவருக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா போதும், உங்க பேரையே சொல்லிடுவாரு.

ஹிதாயத்துல்லா: என் பேரையா... அப்ப உனக்கு...

கனீஸ்: மொத நாளே தெரியும். "காலர் உள்பக்கம் கூடத் தையல் கோடு போட்ட மாதிரி இருக்கு"ன்னு எழுதுனீங்க. இவ போட்ட படத்துல காலர் உள்பக்கம் எங்க தெரியுது?

ஹிபா: ஐயோ, அத நான் கவனிக்கலயே.

கனீஸ்: அது மட்டுமா? சட்டை வாங்குறவன் எவனா இருந்தாலும் மொதல்ல ஃபிட்டிங்கப் பத்திதான் பேசுவான். அது உங்க கட்டிங். இந்த ஆளு கட்டிங்கப் பத்தி மூச்சே விடல.

ஹிதாயத்துல்லா: என் வேலைய நானே எப்படிப் புகழ்றது?

ஹிபா: அங்கதான் மாட்டிக்கிட்டீங்க அத்தா.

கனீஸ்: நீ பேசாத. உங்கத்தாவுக்குக் கணக்குத் தொறந்து பேரு வெச்சவளே நீதானே?

ஹிபா: ...அவருதாம்மா கெஞ்சுனாரு.

ஹிதாயத்துல்லா: இவ்ளோ படம் போட்டும் ஒருத்தன் ஒரு வார்த்த எழுதல. நீ தெனம் எட்டிப் பாத்துட்டு மூஞ்சி தொங்கிப் போயி மெஷின்ல ஒக்காருவ. எனக்குப் பொறுக்கல கனீஸு.

கனீஸ்: ...சரி. ஹிபா, அத மூடிட்டுப் பேப்பர் எடு. கைப்பட எழுது.

ஹிபா: என்னன்னு?

கனீஸ்: "பிரேம்குமார்னு யாரும் இல்ல மேடம். எழுதுனது என் வீட்டுக்காரர். அத விட்டுடுங்க. இதோட ரெண்டு சட்டை வெச்சிருக்கேன். உங்க லாண்டரியில போட்டு, வேணுங்கிற வரைக்கும் தோச்சு, உள்பக்கம் திருப்பிப் பாருங்க. ஒரு நூல் விட்டிருந்தாலும் ஆர்டர் குடுக்க வேணாம்."

ஹிதாயத்துல்லா: போச்சு. அறுபது சட்டையும் போச்சு.

கனீஸ்: போனா தில்லையம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா அவளுக்கு முன்னாடி நீங்க அழுதுடுவீங்க. இந்தாங்க, என் கையெழுத்துக்குக் கீழ நீங்களும் போடுங்க. சொந்தப் பேர்ல.

ஹிபா: அத்தா, கை தவறிப் பிரேம்குமார்னு போட்டுடாதீங்க.

ஹிதாயத்துல்லா: சும்மா இரு... இந்தா. போட்டாச்சு.

கனீஸ்: சட்டையோட லெட்டரையும் கவர்ல வெச்சு நல்லா ஒட்டுடி, ஓரம் பிரியாம. வாசல்ல யாரு, கூரியர்காரரா?

ஹிபா: ஆமாம்மா. நான்தான் வரச்சொன்னேன்... அண்ணே, துமாஸ் வீதி, இன்னிக்கே சேந்துடணும்... குடுத்துட்டேம்மா. வண்டி கெளம்பிடுச்சு.

ஹிதாயத்துல்லா: கனீஸு, ஒண்ணு கேக்கட்டா? மொத நாளே தெரிஞ்சும் ஒவ்வொரு வாட்டியும் "ரொம்ப நன்றி சார், மனசு நெறஞ்சுது"ன்னு எழுதினியே... எதுக்கு?

கனீஸ்: கல்யாணமானதிலேருந்து எம்பக்கத்துல நின்னுதான் வெட்டுறீங்க. என் தையல் நல்லா இருக்குன்னு மொதமொதல்ல அந்தப் பிரேம்குமாருதானே சொன்னாரு.