டாக்டரம்மாவுக்குப் பயந்த கோளாறு

ஒரு கால் ஆடும் நாற்காலியிலும் ஆடாமல் தலைமை தாங்கும் எவுலாலியா அம்மையார் அவர்களே, லிமா நகரிலிருந்து எங்கள் மேட்டுக்கு மூச்சிரைக்க ஏறிவந்த சுகாதார இயக்குநர் அவர்களே, முதுகு வளைந்தும் முகம் வாடாத பெரியோர்களே, பொதுச் சமையற்கூடத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைக்காமல் வந்த தாய்மார்களே, போய் அணைத்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

மண்சரிவில் தன் வீடு உருண்டோடியதைக் கண்ட நாள்முதல், நம் பெலிசிதாஸின் மகள் மாரிலுஸ் பேசவில்லை. வாயாடிப் பிள்ளை, வாயைப் பூட்டிக்கொண்டது. பயந்த கோளாறு, பயத்தில் ஆன்மா உடம்பை விட்டு ஓடிவிட்டது என்று, நம் வழக்கப்படி முட்டையால் உடம்பைத் தடவினோம். சரிவில் நின்று அவள் சட்டையைக் கொடிபோல் வீசி, "மாரிலுஸ், அங்க நிக்காதே, வா, வீட்டுக்குப் போலாம்" என்று ஓடிப்போன ஆன்மாவைக் கூவி அழைத்தோம். தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை.

மருத்துவ நிலையத்துக்குப் போனோம். குழந்தைகளின் மனநலத்துக்கென்று அறை உண்டு, கதவு உண்டு, கதவில் டாக்டர் பிலாரின் பெயர் உண்டு. டாக்டர் உண்டா? யாரம்மா அங்கே சிரிப்பது? அவரை நகரத்துத் தலைமை அலுவலகத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பேருந்துக்குக் காசு கொடுத்தால் பிள்ளைக்குச் சோறு இல்லை. பணக்காரப் பிள்ளையின் மனம் மனம். ஏழைப் பிள்ளையின் மனம் என்ன மண்ணா?

எவுலாலியா அம்மையார்தான் சொன்னார்: "அடியே, டாக்டரம்மாவுக்கும் பயந்த கோளாறுதான். பேரு இங்க இருக்கு, ஆளு அங்க மாட்டிக்கிச்சு. கூப்பிட்டுற வேண்டியதுதான்."

அறையில் தொங்கிய அவருடைய வெள்ளை அங்கியை எடுத்தோம். காய்கறி லாரியில் தொற்றினோம். அலுவலக வாசலில் அங்கியை வீசினோம், கூவினோம்: "பிலார், அங்க நிக்காதேம்மா, வா, வீட்டுக்குப் போலாம்."

காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு செத்துட்டாங்கக்கா?" என்றார்.

"இன்னும் யாரும் சாகலப்பா. அதுக்குள்ள அனுப்பிடுங்கன்னுதான் கேக்குறோம்" என்றாள் பெலிசிதாஸ்.

டாக்டரே இறங்கி வந்து அங்கியை மாட்டிக்கொண்டார். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா, விடமாட்டேங்குறாங்க" என்றார். கூட்டத்தைக் கலைப்பதற்காகவே வாரத்தில் ஒரு நாள் அவரை எங்களுக்குத் தந்தார்கள்.

வாரவாரம் அவரோடு உட்கார்ந்து படம் வரைந்த மாரிலுஸ், போன செவ்வாயன்று வாய் திறந்தாள். "உங்களுக்குப் பயம் போயிடுச்சா?" என்று டாக்டரைக் கேட்டாள். நான் அழுதேன், மறைக்க மாட்டேன்.

சற்றுமுன் இதே மேடையில் இயக்குநர் அவர்கள், இந்த மாதத்தோடு அந்த ஒரு நாளும் நின்றுவிடும் என்று திருவாய் மலர்ந்தருளினார். ஐயா, வெயில் தாங்காமல் கழற்றிவைத்த உங்கள் கோட்டு நாற்காலியில் இல்லை. தேட வேண்டாம். தாய்மார்களிடம் பத்திரமாக இருக்கிறது.

கேட்ட செவிகளுக்கு நன்றி. கேளாத செவிகளுக்கு, நாளைக் காலை, உங்கள் அலுவலக வாசலில் வணக்கம்.