வேலை பார்க்காத கம்ப்யூட்டர்

திருமங்கலம் பஸ்ஸில் என் காலை மிதித்துக்கொண்டு நின்ற நூல் மில் இன்ஜினியர், பக்கத்தில் நின்ற பெரியவரிடம் புலம்பினார். காலை மட்டும் எடுக்கவே இல்லை.

"எங்க மேனேஜர் கம்ப்யூட்டரைச் சோம்பேறிங்கிறாருண்ணே."

"எந்தக் கம்ப்யூட்டரை?"

"நூல் அறுந்தா மெஷினை நிறுத்துமே, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறதை. அது எம்புட்டு வேலை பாக்குதுன்னு மீட்டர் மாட்டினேன். கால்வாசிதான் காட்டுச்சு. அதுகிட்ட முழுசா வேலை வாங்கலேன்னா, உனக்கு வேலை கிடையாதுன்னுட்டாரு."

"என்னப்பா செஞ்ச?"

"சும்மா இருக்காம ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருன்னு புரோகிராம் போட்டுட்டேன். முள்ளு உச்சிக்குப் போயிருச்சு. மேனேஜர் கை குடுத்தாரு."

"அப்புறமென்ன கவலை?"

"இன்னைக்கு நூல் அறுந்துச்சு. மெஷின் நிக்கலைண்ணே."

"ஏனாம்?"

"அதுக்கு எங்க நேரம்? எண்ணிக்கிட்டுல்ல இருக்கு!"