கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

— செருப்பக் கழட்டியாச்சுல்ல? அப்புறம் ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க தம்பி.

— இருக்கட்டும் ஹபீபு சிஸ்டர். கண்ணாடி வழியாவே எம்பொண்ணு நல்லாத்தான் தெரியுறா.

— கண்ணாடி வழியா பாக்குறதெல்லாம் போன மாசத்தோட போச்சு. இப்ப பெத்தவங்க எந்நேரமும் உள்ள வரலாம், புள்ளையத் தொடலாம், தூக்கலாம். நானே மொதல்ல ஒத்துக்கல. கிருமி வந்தா யாரு பதில் சொல்றதுன்னு டாக்டர்கிட்டயே மல்லுக்கு நின்னேன்.

— அப்ப நீங்க சொன்னதுதான் சரி. நான் வயல்ல கெடக்குறவன். நேத்துகூட குறுவை நெல்லுக்குப் பூச்சி மருந்து அடிச்சேன்.

— நேத்து அடிச்சீங்க, இன்னைக்குக் குளிச்சிட்டுத்தானே ஒரத்தநாட்டுலேர்ந்து பஸ் ஏறினீங்க? இந்தாங்க சோப்பு. முழங்கை வரைக்கும் தேய்ங்க. நகத்துல சேறு இருக்கு பாருங்க. ம், அப்படித்தான்.

— அனுராதா எந்திரிச்சு வரட்டுமே சிஸ்டர். அம்மாக்காரி தொட்டாத்தானே நல்லது.

— அவங்களுக்கு பிரஷர் இன்னும் எறங்கல, மாடி வார்ட விட்டு அனுப்ப மாட்டாங்க. அதுவரைக்கும் இவ காத்துக்கெடப்பாளா? கொறமாசத்துப் புள்ள, எடை ஏற மாட்டேங்குது, நெஞ்சோட அணைச்சு வச்சாத்தான் ஏறும். அப்பா நெஞ்சுச் சூடும் சூடுதான். சட்டையக் கழட்டிட்டு இந்த நாற்காலில சாஞ்சு உக்காருங்க.

— இத்தனை வயரு இருக்கே சிஸ்டர், புடுங்கிக்கிட்டா?

— புடுங்காது. பட்டுக்கோட்டைக்காரப் பொண்ணு ஒண்ணு, அது மாருல மொத மொத புள்ளைய வயரோட தூக்கி வச்சப்ப எனக்கும் இதே பயந்தான். மறுநாளு அந்தப் புள்ள பால் குடிச்சுது. அதுலேர்ந்து யாரு வேணாம்னாலும் நான் விடுறதில்ல.

— ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. புள்ள போயிடுச்சா?

— அல்லாவே, என்ன பேச்சு இது! அந்தா மூச்சு விடுறா பாருங்க.

— அது மெஷின் மூச்சா இருந்தா?

— மூச்சு மெஷினக் காலைலயே எடுத்தாச்சு. தானாத்தான் விடுறா. ஏன் தம்பி இப்படிக் கேக்குறீங்க?

— எங்களுக்கு மொதல்ல ஒரு பையன் பொறந்தான் சிஸ்டர். இதே வார்டுதான். கண்ணாடிக்கு வெளியவே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருநாள், தமிழரசன் யாரு, உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. ஓடியாந்தேன். துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. எம்புள்ளைய நான் தொட்டதே அப்பதான். சில்லுன்னு இருந்தான். இன்னைக்கும் அதே மாதிரி பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களா...

— எந்திரிக்காதீங்க. உக்காருங்க தம்பி. இவ சூடா இருக்கா. நான் சொல்லி நீங்க நம்ப வேணாம், உங்க நெஞ்சே சொல்லட்டும். இந்தாங்க. தலைய இப்படித் தாங்கிக்குங்க. மேல போர்வை போத்துறேன். கண்ண மூடாதீங்க, பாருங்க.

— முண்டுறா சிஸ்டர்! காலால ஒதைக்கிறா!

— ஒதைக்கட்டும். நீங்க அழுவுங்க, பரவால்ல. உடம்ப மட்டும் ஆட்டாதீங்க. ஏன் தம்பி... அன்னைக்குப் பையன உங்க கையில குடுத்தது யாரு?

— நீங்கதான். குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதீங்க. இன்னைக்கு வேற யாரு கூப்பிட்டிருந்தாலும் நான் உள்ள வந்திருக்க மாட்டேன் சிஸ்டர்.